பார்வை மறுவாழ்வுப் பயிற்சியாளர் ஆவது எப்படி? அமெரிக்காவில் படிப்பு, சான்றிதழ், வேலை: முழுமையான வழிகாட்டி

கண் மருத்துவர் தன்னால் ஆனதையெல்லாம் செய்துவிட்டார். ஊசி போட்டாயிற்று, லேசர் வைத்தாயிற்று, இனி இருக்கிற பார்வை இவ்வளவுதான் என்று சொல்லியாயிற்று. அப்புறம்? மறுநாள் காலையில் அந்த மனிதர் காபி போட வேண்டும், மாத்திரையை மாற்றி விழுங்காமல் இருக்க வேண்டும், தபாலில் வந்த கடிதம் என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவம் முடிகிற அந்த இடத்தில்தான் பார்வை மறுவாழ்வுப் பயிற்சியாளரின் வேலை தொடங்குகிறது.

அமெரிக்காவில் வாழும் தமிழர்களில் இப்படி ஒரு தொழில் இருப்பதே தெரியாதவர்கள் அதிகம். நம் வீடுகளிலோ சர்க்கரை நோய் சர்வசாதாரணம். அதனால் விழித்திரை கெட்டுப் பார்வை மங்கிய பெரியவர்களை நானும் நீங்களும் பார்த்திருக்கிறோம். இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்காக, முதல் விசாரிப்பிலிருந்து சான்றிதழைப் புதுப்பிப்பது வரை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்த வேலை என்று முதலில் பிரித்துப் பாருங்கள்

இணையத்தில் 'விஷன் தெரபி' என்று தேடினால் பெரும்பாலும் வேறு ஏதோ வந்து நிற்கும். மாறுகண், இரு கண்களும் சேர்ந்து இயங்காமை போன்றவற்றுக்கு, கண்ணைச் சோதித்துக் கண்ணாடி எழுதித் தரும் ஆப்டோமெட்ரிஸ்டுகள் தரும் கண் பயிற்சி அது. நாம் பேசுவது 'விஷன் ரீஹாபிலிடேஷன் தெரபி'. இதில் கண்ணுக்குப் பயிற்சி கிடையாது. போன பார்வையைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சியும் கிடையாது. பார்வை குறைந்த நிலையில், அல்லது அறவே இல்லாத நிலையில், அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்ளச் சொல்லித் தருவதுதான் இது.

இந்தத் துறையில் தேசிய அளவில் சான்றிதழ் தரும் முக்கிய அமைப்பு ஏ.சி.வி.ஆர்.இ.பி. அரிசோனாவின் டூசான் நகரில் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டு தொடங்கியது. அது தரும் சான்றிதழ்களில் நான்கை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சி.வி.ஆர்.டி. என்பது வீட்டுக்குள் நடக்கும் வாழ்க்கைக்கானது. சமையல், மாத்திரை, விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்து, பணம், கையெழுத்து, போன், பொழுதுபோக்கு எல்லாம் இதில் அடங்கும். காம்ஸ் என்பது நடமாட்டப் பயிற்சி: வெண்கோல் பிடிப்பது, சாலையைக் கடப்பது, பேருந்து ஏறுவது. சி.எல்.வி.டி. குறைபார்வைக்கானது, மிச்சமிருக்கும் பார்வையை உருப்பெருக்கிகள், வெளிச்சம், பார்க்கும் கோணம் ஆகியவற்றால் எவ்வளவு பயன்படுத்தலாம் என்று சொல்லித் தருவது. கேட்டிஸ் என்பது திரையில் உள்ளதைக் குரலில் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான், பிரெய்ல் கருவி போன்ற தொழில்நுட்பத்தைக் கற்பிப்பவர்களுக்கு. பலர் இதில் இரண்டு சான்றிதழ் வைத்திருப்பார்கள். வேலை தேடும்போது அது பெரிய பலம்.

பள்ளிக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தர விரும்பினால் பாதையே வேறு. அதற்கு மாநிலக் கல்வித்துறையின் ஆசிரியர் உரிமம் வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? ஒருவருடைய நாளில் எந்தப் பகுதியில் நீங்கள் பக்கத்தில் நிற்க ஆசைப்படுகிறீர்கள் என்று யோசியுங்கள். தெருவிலா, சமையலறையிலா, மேசை விளக்கின் கீழேயா, கணினி முன்னாலா? சம்பளத்தையோ பெயரையோ பார்த்து முடிவெடுப்பதைவிட இது நல்ல கேள்வி. இனி சி.வி.ஆர்.டி. பாதையை மையமாக வைத்துச் சொல்கிறேன். மற்ற மூன்றுக்கும் படிகள் ஏறக்குறைய இவையே.

2. விண்ணப்பிக்கும் முன் ஒரு பாடத்தை நேரில் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் பார்வையற்றோருக்கான மறுவாழ்வுத் துறை இருக்கிறது. பெரிய நகரங்களில் 'லைட்ஹவுஸ்' என்ற பெயரிலோ வேறு பெயரிலோ தொண்டு நிறுவனங்களும் இருக்கின்றன. கூப்பிட்டு, ஒரு பயிற்சியாளருடன் ஒரு நாள் கூடவே வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். பயிற்சி பெறுபவரின் சம்மதம் கிடைத்தால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள்.

அங்கே என்ன பார்ப்பீர்கள்? மகனோடு இருக்கும் எழுபது வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நடுப்பார்வை போய்விட்டது, ஓரப்பார்வை இருக்கிறது. பார்வை மங்கியதிலிருந்து மருமகள் அடுப்புப் பக்கம் விடுவதில்லை. “நீங்க உட்காருங்கம்மா, நான் பாத்துக்கறேன்.” அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் அந்த அம்மாவின் காலைப்பொழுது காலியாகிவிட்டது.

பயிற்சியாளர் முதலில் கேட்பது, “உங்களுக்கு எதைத் திரும்பச் செய்ய ஆசை?” அம்மா சொல்கிறார், “என் காபியை நானே போட்டுக்கணும்.” சரி, அதுதான் அன்றைய பாடம்.

முதலில் அடுப்பு. பாத்திரத்தை பர்னரின் நடுவில் வைத்து, கையால் சுற்றிலும் தடவி உறுதி செய்துகொண்ட பிறகே பற்றவைக்க வேண்டும். பற்றவைத்துவிட்டுப் பாத்திரத்தைத் தேடக் கூடாது. திருகில், நடுத்தரத் தீ எங்கே என்று தெரிய ஒரே ஒரு மேடான ஒட்டுப்புள்ளி. புதிதாக வருகிறவர்கள் ஆர்வத்தில் அடுப்பு முழுக்கப் புள்ளி ஒட்டிவிடுவார்கள். விரலுக்கு எது எது என்றே புரியாது. குறைவான அடையாளம்தான் உதவும்.

அடுத்தது ஊற்றுவது. நம் எவர்சில்வர் டம்ளர் வெளிச்சத்தை வாரி அடித்துக் கண்ணைக் கூச வைக்கும். பால் கலந்த காபி எங்கே நிற்கிறது என்று தெரிய, உள்பக்கம் அடர்நிறமான கோப்பை நல்லது. கோப்பை விளிம்புள்ள ஒரு தட்டின் மேல் இருக்கட்டும். சிந்தினாலும் அதற்குள்ளேயே நிற்கும். பாத்திரத்தின் மூக்கு கோப்பையின் விளிம்பைத் தொட்டபடி சரிய வேண்டும். பச்சைத் தண்ணீர் என்றால் விரல்நுனியை உள்ளே வைத்து அளவு பார்க்கலாம். சூடான காபிக்கு, விளிம்பில் மாட்டும் சின்னக் கருவி ஒன்று உண்டு; திரவம் தொட்டதும் பீப் என்று கத்தும். கருவி இல்லாவிட்டாலும், நிரம்ப நிரம்ப ஊற்றும் சத்தத்தின் சுருதி ஏறுவதைக் காது பிடித்துக்கொள்ளும். முதல் பத்துத் தடவை வெறும் தண்ணீரில்தான் பழக்குவார்கள்.

மருமகளும் அங்கேயே இருப்பார். அவரையும் சேர்த்துத்தான் பாடம். கை நீட்டாமல் பக்கத்தில் நிற்பதை அவர் கற்றுக்கொள்ளாவிட்டால், பயிற்சியாளர் கிளம்பியதும் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இந்தத் தொழிலின் பாதி இதுதான் என்று நான் நினைக்கிறேன்: பாசத்தால் பறிபோன வேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கிக் கொடுப்பது. தமிழ்க் குடும்பத்தின் உள்ளும் புறமும் தெரிந்த ஒருவர் செய்தால் அது இன்னும் நன்றாக நடக்கும்.

ஒரு நாள் முழுக்க இப்படிப் பார்த்த பிறகும், இந்தப் பொறுமை எனக்கு வரும் என்று தோன்றினால் அடுத்த படிக்குப் போங்கள்.

3. படிப்பைத் தேர்ந்தெடுப்பது

குறைந்தபட்சத் தகுதி இளங்கலைப் பட்டம். நடைமுறையில் பலரும் வேறு ஏதாவது ஒரு இளங்கலை முடித்துவிட்டு, இந்தத் துறையில் முதுகலையோ பட்டத்துக்குப் பிந்தைய சான்றிதழ்ப் படிப்போ முடித்துத்தான் வருகிறார்கள். உளவியல், சமூகப்பணி, கல்வியியல், செவிலியம், ஏன், பொறியியல் படித்துவிட்டு வருபவர்களும் உண்டு.

மிச்சிகனின் கலமசூவில் உள்ள வெஸ்டர்ன் மிச்சிகன் பல்கலைக்கழகம் இதில் முன்னோடி. 1960-களின் தொடக்கத்திலேயே நடமாட்டப் பயிற்சிக்கும் வீட்டுப் பயிற்சிக்கும் முதுகலை வகுப்புகளைத் தொடங்கிவிட்டது. பென்சில்வேனியாவின் சேலஸ் பல்கலைக்கழகம் (இப்போது ட்ரெக்சலுடன் இணைந்துவிட்டது), நியூயார்க்கின் ஹன்டர் கல்லூரி, நார்தர்ன் இல்லினாய், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் பாஸ்டன் வளாகம் ஆகியவையும் இத்துறையில் பேர்பெற்றவை. எந்த ஆண்டு எந்த வகுப்பில் சேர்க்கை நடக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஏ.சி.வி.ஆர்.இ.பி. இணையதளத்தில் உள்ள பட்டியலைப் பார்த்துவிட்டு, துறைத் தலைவருக்கே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். மூன்று கேள்விகள் போதும்: இந்தப் படிப்பை முடித்தால் நேராகச் சான்றிதழ்த் தேர்வுக்குத் தகுதி கிடைக்குமா, நேரில் வர வேண்டிய நாட்கள் எவ்வளவு, பயிற்சிப்பணிக்கு இடம் நீங்களே பிடித்துத் தருவீர்களா.

பாடங்களில் பெரும்பகுதியை இணையவழியில் படிக்கலாம். கோடையில் சில வாரங்கள் மட்டும் வளாகத்துக்கு வரச் சொல்வார்கள். குழந்தைகளை வைத்துக்கொண்டு படிக்கிறவர்களுக்கு இது வசதி.

இந்தியப் பட்டம் வைத்திருப்பவர்கள் மதிப்பெண் பட்டியலை அமெரிக்க முறைக்கு மதிப்பீடு செய்து தரும் நிறுவனத்துக்கு முதலில் அனுப்பிவிடுங்கள். நம் ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறை வந்துசேரவே மாதக்கணக்கில் ஆகலாம். மூன்றாண்டு இளங்கலை என்றால், அதை ஏற்பார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

4. கட்டணத்துக்கு வழி

அமெரிக்க மறுவாழ்வுச் சேவை நிர்வாகம், அதாவது ஆர்.எஸ்.ஏ., சில பல்கலைக்கழகங்களுக்கு நிதி தருகிறது. அதிலிருந்து மாணவர்களுக்குக் கல்வி உதவி கிடைக்கும். நல்ல உதவிதான், ஆனால் நிபந்தனை உண்டு. ஓராண்டு முழுநேரப் படிப்புக்கு உதவி வாங்கினால், படித்து முடித்தபின் இரண்டாண்டு தகுதியான மறுவாழ்வுப் பணியில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்கிய தொகை கடனாக மாறி, திருப்பிக் கட்ட வேண்டிவரும்.

நம்மவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும்தான். எச்1பி, எச்4 விசாவில் இருப்பவர்களுக்குக் கிடையாது. விசாவில் இருப்பவர்கள் படிப்பில் சேர்வதற்கு முன்பே, படித்து முடித்தால் வேலை அனுமதி எப்படி வரும் என்று குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது.

5. வகுப்பில் என்ன நடக்கும்

கண் நோய்கள், முதுமை, பார்வை இழப்பின் மனநிலை, பாடத்திட்டம் போடுவது என்று ஏட்டுப்படிப்பு ஒரு பக்கம். நோயைப் பற்றி ஏன் படிக்க வேண்டும்? விழித்திரையின் நடுப்பகுதி கெடும் மாகுலா சிதைவில் நடுப்பார்வை போகும். முகமும் எழுத்தும் தெரியாது, ஆனால் அறைக்குள் இடிக்காமல் நடப்பார்கள். கண் நரம்பு கெடும் கிளாக்கோமாவில் பெரும்பாலும் ஓரம்தான் முதலில் போகும். செய்தித்தாள் படிப்பவர் நாற்காலியில் தடுக்கி விழுவார். சர்க்கரை விழித்திரை நோயில் திட்டுத்திட்டாக மறையும். பார்வை நாளுக்கு நாள் ஏறி இறங்கும், விரல்நுனி மரத்துப்போயிருந்தால் பிரெய்லும் கஷ்டம். மூவருக்கும் ஒரே பாடம் எடுக்க முடியாது.

மறுபக்கம், கண்ணைக் கட்டிக்கொண்டு செய்யும் பயிற்சி. கண்கட்டோடு வெங்காயம் நறுக்குவீர்கள், துணி மடிப்பீர்கள், ஊசியில் நூல் கோர்ப்பீர்கள். பார்வையற்றவரின் வாழ்க்கையை இதனால் புரிந்துகொண்டுவிட்டோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கட்டை அவிழ்த்தால் உங்களுக்குப் பார்வை வந்துவிடும். இதன் பயன், நுட்பம் உங்கள் கைக்குப் பழகுவது மட்டும்தான்.

பிரெய்ல் கட்டாயம். 2016 முதல் அமெரிக்காவில் யு.இ.பி. எனப்படும் ஒருங்கிணைந்த ஆங்கில பிரெய்ல் நடைமுறையில் இருக்கிறது. சொற்களைச் சுருக்கி எழுதும் பிரெய்ல் குறிகளோடு சேர்த்து எழுதவும் படிக்கவும் வர வேண்டும். நமக்கு இதில் ஒரு சின்ன அனுகூலம் உண்டு. தமிழ் பிரெய்ல், இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் முறையைச் சேர்ந்தது. அதில் பல எழுத்துகள் ஒலியை ஒட்டி ஆங்கிலப் புள்ளிகளையே பயன்படுத்துகின்றன. 'அ'வுக்கு ஏ எழுத்தின் புள்ளி, 'க'வுக்கு கே, 'ம'வுக்கு எம், 'ல'வுக்கு எல். ஆங்கில பிரெய்ல் கைவந்துவிட்டால், தமிழ் மட்டுமே தெரிந்த ஒரு தாத்தாவுக்குச் சர்க்கரை டப்பாவிலும் உப்பு டப்பாவிலும் தமிழிலேயே சீட்டு ஒட்டித் தர அதிக நாள் பிடிக்காது.

திரைவாசிப்பான்களில் ஜாஸ், என்.வி.டி.ஏ., ஐபோனின் வாய்ஸ்ஓவர் மூன்றையும் திரையை அணைத்துவிட்டு இயக்கப் பழகுங்கள். என்.வி.டி.ஏ. இலவசம், இன்றைக்கே தொடங்கலாம்.

இது போக, சின்னச் சின்ன விஷயங்கள் நிறையச் சேரும். டாலர் நோட்டுகள் எல்லாம் ஒரே அளவு. தடவிப் பார்த்து ஒன்றா நூறா என்று சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு மதிப்பையும் ஒவ்வொரு விதமாக மடித்து வைக்கச் சொல்லித் தருவோம். தகுதியுள்ளவர்களுக்கு நோட்டைப் படித்துச் சொல்லும் கருவியை அரசே இலவசமாகத் தருகிறது. காலை மாத்திரைக் குப்பிக்கு ஒரு ரப்பர் பேண்டு, இரவுக்கு இரண்டு. பேசும் குளுக்கோமீட்டர். காங்கிரஸ் நூலகத்தின் பேசும் புத்தகங்கள் வீட்டுக்கே இலவசமாக வரும். இட்லியை வெள்ளைத் தட்டில் வைக்காமல் அடர்நிறத் தட்டில் வைத்தாலே பலருக்குச் சாப்பாடு எளிதாகிவிடும்.

6. மேற்பார்வையில் பயிற்சிப்பணி

ஏ.சி.வி.ஆர்.இ.பி. கேட்பது 350 மணி நேரப் பயிற்சிப்பணி. அந்தந்தத் துறையில் சான்றிதழ் பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். முழுநேரமாகச் செய்தால் இரண்டரை மாதத்துக்குள் முடியும். பலருக்கும் இதுதான் இடறும் இடம், ஏனென்றால் இது பெரும்பாலும் சம்பளம் இல்லாத வேலை. நல்ல மேற்பார்வையாளர் உங்கள் ஊரிலேயே கிடைப்பதும் நிச்சயமில்லை. படிப்பின் முதல் ஆண்டிலேயே இடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே வகையான ஆட்களிடம் மட்டும் பயிற்சி எடுக்காதீர்கள். முதியவர், வேலைக்குத் திரும்ப நினைக்கும் நடுவயதுக்காரர், பிறவியிலேயே பார்வையற்றவர், காதும் சேர்ந்து கேட்காதவர் என்று கலந்து தரச் சொல்லுங்கள். எந்த நாள் யாருக்கு என்ன பாடம் நடந்தது என்று அன்றன்றைக்கே எழுதிவையுங்கள். கடைசியில் மணிக்கணக்கைக் கூட்டும்போதும் தேர்வுக்குப் படிக்கும்போதும் அந்த நோட்டு கைகொடுக்கும்.

7. விண்ணப்பமும் தேர்வும்

விண்ணப்பத்தோடு பல்கலைக்கழக மதிப்பெண் பட்டியல், பயிற்சிப்பணி பற்றி மேற்பார்வையாளர் தரும் மதிப்பீடு, தொழில் நெறிமுறைகளை ஏற்பதாக உங்கள் கையொப்பம் ஆகியவை போக வேண்டும். தகுதி உறுதியானதும் கணினியில் தேர்வு எழுத அனுமதி கிடைக்கும். கொடுத்த விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்கும் வகைத் தேர்வுதான். ஆனால் மனப்பாடம் உதவாது. இன்னாருக்கு இன்ன நோய், இன்ன வயது, இன்ன சூழ்நிலை, முதலில் எதைச் செய்வீர்கள் என்ற பாணியிலான கேள்விகளுக்குத் தயாராகுங்கள். இரண்டு விடைகள் சரி போலவே தோன்றும்போது, பாதுகாப்பையும் அந்த மனிதரின் சொந்த விருப்பத்தையும் முன்னால் வைக்கும் விடையைப் பாருங்கள்.

உங்களுக்கே பார்வைக் குறைபாடு இருந்தால் தேர்வை உங்களுக்கு ஏற்ற வடிவில் எழுத ஏற்பாடு உண்டு; முன்கூட்டியே கேட்க வேண்டும். பார்வையற்றவர்கள் இந்த வேலைக்குத் தாராளமாக வரலாம். வீடு வீடாகப் போய்ச் சொல்லித் தரும் வழக்கம் அமெரிக்காவில் 1882-இல் பிலடெல்பியாவில் அமைப்பாக உருப்பெற்றது. அதன் பின்னால் இருந்த இங்கிலாந்துக்காரர் வில்லியம் மூன் பார்வையற்றவர். தொடக்க கால வீட்டு ஆசிரியர்களிலும் பார்வையற்றவர்களே அதிகம். பார்வையற்றவர்களின் அனுபவத்தையே அடிப்படையாகக் கொண்ட இன்னொரு சான்றிதழ்ப் பாதையும் இருக்கிறது. அதைத் தருவது என்.பி.பி.சி.பி. என்ற வாரியம், லூசியானா டெக் பல்கலைக்கழகத்தில் அதற்குரிய படிப்பு நடக்கிறது. அங்கே கண்கட்டுப் பயிற்சி நீளமானது, கடுமையானது. நீங்கள் வேலைக்குப் போக நினைக்கும் நிறுவனம் எந்தச் சான்றிதழை ஏற்கிறது என்று கேட்டுவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

8. வேலை எங்கே கிடைக்கும்

மாநில மறுவாழ்வுத் துறைகளும் தொண்டு நிறுவனங்களும்தான் முக்கிய இடங்கள். 55 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு வீட்டில் சுயமாக வாழப் பயிற்சி தர மத்திய அரசு நிதி தருகிறது, சி.வி.ஆர்.டி.க்களின் வேலையில் பெரும்பங்கு அதன் வழியாக வருவது. முன்னாள் படைவீரர் துறை நடத்தும் பார்வையற்றோர் மறுவாழ்வு மையங்கள் இன்னொரு நல்ல இடம். இல்லினாயின் ஹைன்ஸ் மையம் 1948-இல் தொடங்கியது. இன்று உலகமெங்கும் சொல்லித் தரப்படும் வெண்கோல் நுட்பம் செழுமைப்பட்டது அங்கேதான். ஆனால் அந்தத் துறையில் சேரப் பொதுவாக அமெரிக்கக் குடியுரிமை வேண்டும்.

பெரும்பாலான மாநிலங்களில் இந்தத் தொழிலுக்குத் தனி அரசு உரிமம் இல்லை. அதனால்தான் வேலை தருபவர்கள் தேசியச் சான்றிதழைப் பார்க்கிறார்கள்.

சம்பளத்தைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். ஐ.டி. வேலையோடு ஒப்பிட்டால் ஏமாற்றமாக இருக்கும். ஆசிரியர், சமூகப்பணியாளர் வருமானத்தை மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள். ஒரு நாளில் பாதி காரில் போகும். ஆனால் பயிற்சியாளர்கள் போதாமல்தான் இருக்கிறார்கள். தமிழும் தெரிந்த ஒருவரை, மகனை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு தன் பயத்தைச் சொல்ல முடியாமல் தவிக்கும் ஒரு அப்பா எவ்வளவு தேடுவார் என்று நினைத்துப் பாருங்கள்.

9. ஏற்கெனவே சிகிச்சைத் துறையில் இருப்பவர்களுக்கு

ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக (சுருக்கமாக ஓ.டி.) உரிமம் உள்ளவர்கள் சி.எல்.வி.டி. சேர்த்துக்கொள்வது நல்ல வழி. மருத்துவர் பரிந்துரைத்தால், குறைபார்வைக்கு ஓ.டி. தரும் பயிற்சிக்கு, முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணம் தரும், சி.வி.ஆர்.டி.யோ காம்ஸோ நேரடியாக மெடிகேருக்குக் கணக்கு அனுப்ப முடியாது. உருப்பெருக்கிக்கும் மெடிகேர் தராது. இந்த அநியாயம் மாற வேண்டும் என்று இத்துறையினர் பல்லாண்டுகளாகப் போராடுகிறார்கள். இந்தியாவில் ஓ.டி. படித்தவர்கள் இங்கே ஓ.டி.க்களுக்குச் சான்றிதழ் தரும் தேசிய வாரியமான என்.பி.சி.ஓ.டி.யின் தகுதி மதிப்பீடு, தேர்வு, மாநில உரிமம் ஆகியவற்றை முடித்த பிறகே இந்த வழிக்கு வர முடியும்.

10. புதுப்பித்தல், ஊருக்குத் திரும்புதல்

சான்றிதழுக்கு ஆயுள் ஐந்து ஆண்டு. தொடர்கல்வி, மாநாடு, பணி அனுபவம் ஆகியவற்றுக்குப் புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். கலந்துகொண்டதற்கான சான்றை அன்றைக்கே ஒரு கோப்பில் போட்டுவிடுங்கள்.

இந்தியாவுக்குத் திரும்பி வேலை செய்ய நினைத்தால் இந்தச் சான்றிதழ் மட்டும் போதாது. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்திய மறுவாழ்வு மன்றத்தின் மத்தியப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் படிப்பை ஏற்பார்களா என்பதை அந்த மன்றம்தான் முடிவு செய்யும். அங்கேயே படிப்பதானால் டேராடூனில் உள்ள, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனம், பூந்தமல்லியில் உள்ள அதன் மண்டல மையம், கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண மிஷன் நடத்தும் சிறப்புக் கல்வித் துறை ஆகியவற்றில் விசாரியுங்கள்.

தொடங்க நினைப்பவர்கள் இந்த வாரம் இரண்டு வேலை செய்யுங்கள். மாநில மறுவாழ்வுத் துறைக்குப் போன் செய்து, ஒரு பயிற்சியாளரோடு ஒரு நாள் வர அனுமதி கேளுங்கள். படித்த கல்லூரிக்கு எழுதி மதிப்பெண் பட்டியலுக்கு விண்ணப்பம் போடுங்கள். இரண்டாவதுக்குத்தான் நாளாகும், அதனால் அதை முதலில் செய்யுங்கள்.